ஆட்டுக்கொம்பு நத்தைக் குடும்பமும் அதன் பாகுபாடும்

ஏரி, குளம், வாய்க்கால், வயல் ஆகிய எல்லா நீர்நிலைகளிலும் நத்தைகள் உண்டு. கிராமத்தார் பெரும்பாலும் அவற்றை நத்தை என்ற ஒரே பெயரால் அழைத்து அத்துடன் விட்டுவிடுகின்றனர். உணவுக்காகப் பிடிக்கப்படும் பெரிய நத்தையைத் தவிர மற்றவற்றை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் மாடு வைத்திருப்போர் கவனிக்க வேண்டியவை அப்பெரிய நத்தைகள் அல்ல. பாசியிலும், அல்லி இலையின் அடிப்புறத்திலும், படித்துறைக் கல்லிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு நத்தைகளே.

ஓர் உதாரணத்தைக் கூறினால் இது விளங்கும். உழவு மாடு ஒன்றுக்கு மூக்கில் சளி ஒழுகுகிறது. சில மாதங்களில் அது மூச்சு விடும்போது குறட்டை போன்ற ஒலி எழுகிறது. ஏரில் பூட்டினால் விரைவில் இளைக்கிறது. மாட்டுக்கு நத்தையினால் நோய் வரும் என்று கேள்விப்பட்டிருக்கும் விவசாயி, ஏரிக்கரைப் புல்லே காரணம் என்று கருதி அப்புல்லை நிறுத்திவிட்டு வைக்கோலைப் போடுகிறார். மாட்டையோ வழக்கம்போல் அதே ஏரியில் இறக்கிக் குளிப்பாட்டி நீர் காட்டுகிறார். நோய் தீர்வதில்லை, பக்கத்து மாட்டுக்கும் வருகிறது. புல்லின் வழியாக நோயைத் தரும் நத்தை வேறு. நீரின் வழியாகத் தோலைத் துளைத்து நோயைத் தரும் நத்தை வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாமையே இங்கு நேர்ந்த பிழை. ஆகையால் நத்தைகளின் பாகுபாடு பண்டிதர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று விவசாயிகள் ஒதுக்கிவிடலாகாது.

நத்தைகளைப் பிரித்தறியும் வகை

ஒரு குளத்திலிருந்து கைக்கு அகப்பட்ட நத்தைகளையெல்லாம் திரட்டி, வெண்ணிறத் தட்டில் சிறிது நீருடன் இட்டுப் பார்க்க வேண்டும். முதலில் கவனிக்க வேண்டியது மூடி. சில நத்தைகள் உடலை ஓட்டினுள் இழுத்துக்கொண்டபின் வாயை ஒரு தகட்டினால் அடைத்துக்கொள்ளும். உணவுக்குப் பயன்படும் பைலா என்னும் பெரிய நத்தையும், கோபுரம்போல் நீண்டு கூர்த்த ஓட்டை உடைய நத்தைகளும் இவ்வாறு மூடி உள்ளவை. அவற்றைத் தட்டிலிருந்து எடுத்துவிடலாம்.

எஞ்சியவை மூடியற்றவை. இவை நீரில் வாழ்ந்தாலும் காற்றைச் சுவாசிப்பவை; அவ்வப்போது நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றை உட்கொண்டு செல்லும். இவற்றுள் ஓட்டின் நுனியை மேலாகவும் வாயைப் பார்ப்பவர் பக்கமாகவும் பிடித்தால், வாய் வலப்புறம் அமைந்திருப்பது லிம்னியா. அதன் உணர்கொம்புகள் அகன்று முக்கோண வடிவாக இருக்கும். வாய் இடப்புறம் அமைந்து நுனி உயர்ந்திருப்பது பைசா முதலியன. நுனி என்பதே இல்லாமல், சுருள்கள் யாவும் ஒரே தளத்தில் கடிகாரவில்லைப் போலச் சுற்றியிருந்தால் அதுவே ஆட்டுக்கொம்பு நத்தை. கிடாவின் கொம்பு வளைந்திருப்பதை ஒத்திருப்பதால் இப்பெயர் ஏற்பட்டது. இதன் உணர்கொம்புகள் நூல்போல் மெல்லியவை. கண்கள் அக்கொம்புகளின் அடியில் உள்ளன.

இந்நத்தையின் உடலமைப்பு முழுவதும் இடஞ்சுழியானது. மூச்சுத்துளை, மலத்துளை, இனப்பெருக்கத் துளை யாவும் உடலின் இடப்பக்கத்தில் திறக்கின்றன. ஆயினும் ஓடு தட்டையாக இருப்பதாலும், அதை இப்பிராணி சுமந்து செல்லும் வகையினாலும், மேலாகப் பார்ப்பவருக்கு வலஞ்சுழிபோல் தோன்றும். பழைய நூலாசிரியர் சிலர் இதில் ஏமாந்ததுண்டு.

ஐயமறத் தெளிவதற்கு வேறோர் அடையாளமும் உண்டு. இக்குடும்பத்து நத்தையை நசுக்கினால் வெளிப்படும் நீர் செந்நிறமாக இருக்கும். பெரும்பாலான நத்தைகளின் இரத்தத்தில் செம்புச் சத்து அடங்கிய, இளநீலம் தோன்றும் பொருள் உள்ளது. ஆட்டுக்கொம்பு நத்தைகளிலோ மனிதருடைய இரத்தத்தில் உள்ளதைப் போன்ற இரும்புச் சத்து அடங்கிய ஹீமோகுளோபின் என்னும் செம்பொருள் கரைந்திருக்கிறது. இதனால்தான் பிராணவாயு குறைந்து நாற்றமெடுத்த குட்டையிலும், மாடுகள் கலக்கிய சேற்று நீரிலும் இவை இடரின்றி வாழ்கின்றன. நீர் கெட்டுவிட்டது, இனி நத்தை இராது என்று எண்ணுவது தவறு. நசுக்கிப் பார்ப்பவர் கையில் உறை அணிந்துகொள்ள வேண்டும். பின்னர்க் கூறப்படும் புழுக்குஞ்சுகள் மனிதருடைய தோலையும் துளைக்க வல்லவை.

நம் நீர்நிலைகளில் பொதுவாகக் காணப்படும் ஆட்டுக்கொம்பு நத்தைகள் இரு வகையின. ஒன்று இண்டோபிளானார்பிஸ் எக்ஸஸ்டஸ். நன்கு வளர்ந்தால் இதன் குறுக்களவு சுமார் 20 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல் இருக்கும். நான்கு அல்லது ஐந்து சுருள்கள் உண்டு; அவை விரைவாகப் பருத்துக்கொண்டே செல்லும்; ஒவ்வொரு சுருளும் அகலத்தைவிட உயரம் மிகுந்தது. நிறம் மங்கலான பழுப்பு. எக்ஸஸ்டஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்குக் கருகியது என்பது பொருள். மற்றது ஜைராலஸ் கன்வெக்ஸியஸ்குலஸ். இது 7 அல்லது 8 மில்லிமீட்டருக்கு மேல் வளர்வது அரிது, மிகத் தட்டையானது, பழைய சிறு காசு ஒன்று இலையில் ஒட்டியிருப்பதுபோல் தோன்றும். முன்னதன் குஞ்சை இதுவென்று மயங்குதல் எளிது. விரலிடையே வைத்துப் பக்கவாட்டில் நோக்கினால், குஞ்சாயினும் இண்டோபிளானார்பிஸ் தடித்திருக்கும், ஜைராலஸ் மெலிந்திருக்கும்.

குடும்பத்தின் பெயரும் பிரிவும்

ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1758-ஆம் ஆண்டில் பிராணிகளை வகைப்படுத்தியபோது, ஐரோப்பாவின் ஆட்டுக்கொம்பு நத்தைகளைத் தோட்டத்து நத்தைகளுடன் சேர்த்து ஹெலிக்ஸ் என்ற ஒரே இனத்தில் அடக்கினார். சுருண்ட ஓடு என்ற ஒன்றே அவருக்குப் போதுமானதாக இருந்தது. பின்னர் 1770-களில் டென்மார்க்கைச் சேர்ந்த முல்லர் என்பார் பிளானார்பிஸ் என்ற தனியினத்தை ஏற்படுத்தினார். தட்டையான வட்டம் என்பது இப்பெயரின் கருத்து. இதை அடிப்படையாகக் கொண்டு 1815-இல் ரபினெஸ்க் என்பார் இக்குடும்பத்தை வகுத்தார். அதனால் இதற்குப் பிளானார்பிடே என்று பெயர்.

இந்தியாவின் பெரிய ஆட்டுக்கொம்பு நத்தையைப் பிரெஞ்சு அறிஞர் தெஷாயே 1830-களில் விவரித்து, பிளானார்பிஸ் எக்ஸஸ்டஸ் என்று பெயரிட்டார். சுமார் 90 ஆண்டுகள் அப்பெயரே வழங்கிற்று. இந்திய விலங்கியல் அளவைத் துறையின் முதல் இயக்குநராகிய அனண்டேலும் அவருடன் பணியாற்றிய பைனி பிரஷாதும் 1921-இல் இந்நாட்டு ஆட்டுக்கொம்பு நத்தைகளை ஆராய்ந்து வெளியிட்டபோது, இது ஐரோப்பாவின் பிளானார்பிஸ் இனத்தோடு சேராது என்று கண்டு, இண்டோபிளானார்பிஸ் என்னும் புதிய இனத்தில் வைத்தனர். பழைய கால்நடை நூல்களில் பிளானார்பிஸ் எக்ஸஸ்டஸ் என்று இருப்பதும் புதிய நூல்களில் இண்டோபிளானார்பிஸ் என்று இருப்பதும் ஒரே நத்தையைக் குறிப்பனவே.

ஓட்டை மட்டும் பார்த்துப் பாகுபாடு செய்வது போதாது என்பது அதன்பின் மேலும் உறுதிப்பட்டது. எப். சி. பேக்கர் என்ற அமெரிக்க அறிஞர் இக்குடும்பத்தைப் பற்றி எழுதிய பெருநூல் 1945-இல் வெளிவந்தது. ஸ்வீடன் தேசத்து ஹூபெண்டிக் 1955-இல் உள்ளுறுப்புகளின் ஒப்புமையைக் கொண்டு இக்குடும்பத்தின் கிளைவழியை ஆராய்ந்தார். நீர்நிலைகளில் கல்லிலும் இலையிலும் தொப்பிபோல் ஒட்டியிருக்கும் மிகச் சிறு நத்தைகள் சில உண்டு. அவற்றின் ஓட்டில் சுருளே இல்லை. அவை நெடுங்காலம் ஆன்சைலிடே என்ற தனிக்குடும்பமாக எண்ணப்பட்டு வந்தன. உள்ளுறுப்புகளும், பிற்காலத்தில் மரபணுக்களும் அவை ஆட்டுக்கொம்பு நத்தைகளின் உறவினரே என்று காட்டின. 2005-இல் வெளியான வகைப்பாட்டில் அவை பிளானார்பிடே குடும்பத்துள் அடக்கப்பட்டன. சுருளாத நத்தையை ஆட்டுக்கொம்பு நத்தை என்பது கேட்பவர்க்கு வியப்பாக இருக்கலாம். பசுவுக்குக் கொம்பு இல்லாவிடினும் அது பசுவே அன்றோ?

இத்தொப்பி நத்தைகளும் அற்பமானவை அல்ல. மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்தில் கிம்வி என்ற சிற்றூரில் மனிதருக்குச் சிறுநீரில் இரத்தம் போகும் ஷிஸ்டோஸோமா நோய் காணப்பட்டது. 1950-களில் அதை ஆராய்ந்த காட்கிலும் ஷாவும், பெரிஸியா டெனுயிஸ் என்ற தொப்பி நத்தையே அங்கு அந்நோய்க்கு இடந்தந்தது என்று அறிவித்தனர். ஆப்பிரிக்காவில் அந்நோயைப் பரப்புவது புலைனஸ் என்னும் நத்தை. அது இந்நாட்டில் இல்லை. குடலைப் பற்றும் மற்றொரு ஷிஸ்டோஸோமா நோயைப் பரப்பும் பயோம்பலேரியா என்பது ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் வாழும் ஆட்டுக்கொம்பு நத்தை. இவ்விரு நத்தைகளின் பங்கை லைப்பர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1915-இல் எகிப்தில் கண்டறிந்தார்.

புலைனஸ் ஓட்டின் நுனி உயர்ந்து இடஞ்சுழியாக இருக்கும். நம் இண்டோபிளானார்பிஸோ தட்டையானது. வெளித்தோற்றத்தில் இவ்விரண்டுக்கும் ஒற்றுமையே இல்லை. ஆயினும் உள்ளுறுப்பு ஆராய்ச்சியும் மரபணு ஆராய்ச்சியும் இண்டோபிளானார்பிஸுக்கு மிக நெருங்கிய உறவு புலைனஸே என்று காட்டியுள்ளன. 2017-இல் வெளியான வகைப்பாட்டில் புலைனஸைச் சார்ந்தவை புலினிடே என்ற தனிக்குடும்பமாகப் பிரிக்கப்பட்டன. அதன்படி பார்த்தால், நம் குளங்களில் மிகுதியாக உள்ள பெரிய ஆட்டுக்கொம்பு நத்தை ஆட்டுக்கொம்பு நத்தைக் குடும்பத்தின் பக்கத்து வீட்டைச் சேர்ந்ததாகிறது. சிறிய ஜைராலஸே உண்மையில் அக்குடும்பத்தைச் சேர்ந்தது. கிடாக்கொம்பு வடிவம் தனித்தனியே இருமுறை தோன்றியிருக்கலாம் என்பது இதனால் பெறப்படும். அன்றியும், 2010-க்குப் பின் வெளியான ஆய்வுகள், ஆசியா முழுவதும் ஒன்றே என எண்ணப்பட்ட எக்ஸஸ்டஸ் பல கிளைகள் அடங்கிய தொகுதி என்று காட்டுகின்றன. ஆகவே அப்பெயர் இன்னும் ஒருமுறை மாறினாலும் வியப்பில்லை. விவசாயிகள் இதனால் குழப்பம் அடைய வேண்டுவதில்லை. களத்தில் ஓட்டின் வடிவமும் செந்நீருமே போதிய அடையாளங்கள்.

மாடுகளுக்கு விளையும் நோய்

இந்நத்தைகள் தாமே மாட்டுக்குத் தீங்கு செய்வதில்லை. தட்டைப்புழுக்கள் சில தம் இளமைப் பருவத்தைக் கழிப்பதற்கு இவற்றை இருப்பிடமாகக் கொள்கின்றன. அவற்றுள் முதன்மையானது இரத்தப்புழுவாகிய ஷிஸ்டோஸோமா. மற்றத் தட்டைப்புழுக்களைப் போலன்றி இதில் ஆணும் பெண்ணும் தனித்தனி. ஆண் தன் உடலின் மடிப்பில் பெண்ணைத் தாங்கி இரத்தக்குழாயினுள் வாழும்.

மாண்ட்கோமரி என்பார் 1906-இல் இந்தியக் கால்நடைகளிலிருந்து ஷிஸ்டோஸோமா ஸ்பிண்டேல், ஷிஸ்டோஸோமா இண்டிகம் என்ற இரண்டை விவரித்தார். ஸ்பிண்டேல் குடலைச் சூழ்ந்த இரத்தக்குழாய்களில் வாழ்கிறது. அதன் முட்டை நூற்கதிர் வடிவானது, சாணத்துடன் வெளிப்படும். லிஸ்டனும் ஸோபர்கரும் 1918-இல் இப்புழுவின் வாழ்க்கை பிளானார்பிஸ் எக்ஸஸ்டஸ் நத்தையினுள் நடைபெறுவதை வெளியிட்டனர். மூன்றாவது புழுவாகிய ஷிஸ்டோஸோமா நாஸேல் நம் மாநிலத்தோடு நேரே தொடர்புடையது. சென்னை மாகாணத்து மாடுகளின் மூக்கு நோயை ஆராய்ந்த எம். ஏ. என். ராவ் இதை 1933-இல் விவரித்தார். மேலே உதாரணமாகக் கூறப்பட்ட குறட்டை நோய் இதனால் வருவதே. இப்புழு மூக்கின் உட்சவ்விலுள்ள இரத்தக்குழாய்களில் தங்கி முட்டையிடுகிறது. முட்டைகளைச் சுற்றிச் சதை தடித்துப் பூக்கோசுபோல் வளர்ந்து மூச்சுவழியை அடைக்கிறது. எருமைகளில் புழு இருந்தாலும் வெளிக்குறிகள் பெரும்பாலும் இலேசாகவே இருக்கும். ஆகவே நோயற்றதுபோல் தோன்றும் எருமையும் குளத்தில் முட்டையைச் சேர்க்கக் கூடும்.

நாஸேல் முட்டை மூக்குச் சளியுடன் வெளிப்படுகிறது. மாடு குனிந்து நீர் குடிக்கும்போதே சளி நீரில் விழுகிறது. முட்டையிலிருந்து வெளிப்படும் குஞ்சு சில மணி நேரத்துக்குள் நத்தையை அடைந்தால் பிழைக்கும், இல்லையேல் மடியும். நத்தையினுள் அது பலவாகப் பெருகி, சில வாரங்களுக்குப்பின் பிளந்த வாலையுடைய ஆயிரக்கணக்கான நுண்ணிய குஞ்சுகளாக நீரில் வெளிப்படும். அவை நீரில் இறங்கிய மாட்டின் தோலைத் துளைத்து உட்புகும். இரண்டு நாளுக்குள் இடம் கிடைக்காவிடில் அவையும் இறந்துபடும். நோயின் வழி முழுவதும் இவ்வளவே. இதில் புல்லுக்கு இடமில்லை.

ஆம்பிஸ்டோம் எனப்படும் வயிற்றுப்புழுக்களின் வழி வேறு. இவற்றுக்கும் இண்டோபிளானார்பிஸ், ஜைராலஸ் ஆகிய இரு நத்தைகளும் இடந்தருகின்றன. ஆனால் நத்தையிலிருந்து வெளிப்படும் குஞ்சு நீரோரப் புல்லில் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். அப்புல்லைத் தின்ற மாட்டின் குடலில் வெளிப்படும். கன்றுகளில் கடுமையான, நாற்றமுள்ள கழிச்சல் உண்டாகும். லிம்னியா நத்தையால் வரும் ஈரற்புழுவும் புல்லின் வழியாகவே செல்லும். தாடையின் கீழ் வீக்கம் அதன் குறி. ஆகவே லிம்னியா உள்ள குளத்தில் கரைப்புல்லைக் காக்க வேண்டும். இண்டோபிளானார்பிஸ் உள்ள குளத்தில் புல்லையும் காக்க வேண்டும். மாட்டை நீரில் இறக்காமலும் காக்க வேண்டும்.

மனிதரும் இதற்கு முற்றும் விலக்கல்லர். மாட்டின் இரத்தப்புழுக் குஞ்சு மனிதருடைய தோலைத் துளைத்தால் உள்ளே வளர மாட்டாது. அங்கேயே இறந்து, தாங்கவொண்ணாத அரிப்பையும் சிறு தடிப்புகளையும் உண்டாக்கும். மலேயாவின் நெல்வயல்களில் உழைப்போருக்கு உண்டாகும் இவ்வரிப்பு ஷிஸ்டோஸோமா ஸ்பிண்டேல் குஞ்சுகளால் வருவது என்று பக்லி என்பார் 1938-இல் விளக்கினார். நடவு ஆட்கள் கால் அரிப்பைக் கூறும்போது சேற்றுப்புண் என்று மட்டும் எண்ணிவிடாமல், வயலில் இந்நத்தை உண்டா என்று பார்ப்பது நலம்.

தடுக்கும் முறைகள்

இந்நத்தைகள் ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணும் ஆனவை. துணையின்றித் தனித்த ஒன்றும் சந்ததியைப் பெருக்க வல்லது. முட்டைகளைத் தெளிந்த பசைத் திரளாக இலைகளின் அடியில் இடுகின்றன. கோடையில் நீர் வற்றினால் சேற்றினுள் புதைந்திருந்து மழை வந்ததும் வெளிப்படுகின்றன. எனவே ஒருமுறை குளம் வற்றிவிட்டது என்பதால் நத்தை ஒழிந்தது என்று கொள்ளலாகாது. வடகிழக்குப் பருவமழைக்குப்பின் குளம் நிறைந்திருக்கும் காலத்தைவிட, நீர் சுருங்கி மாடுகளும் நத்தைகளும் ஒரே குட்டையில் நெருங்கும் மாதங்களிலேயே இடர் மிகும்.

எல்லாவற்றிலும் சிறந்தது, மாடுகளுக்குக் கிணற்று நீரையோ குழாய் நீரையோ தொட்டியில் நிரப்பிக் காட்டுவது. குளத்து நீரே கதியாயின், நத்தையும் பாசியும் புகாதபடி துணியில் வடித்து இரண்டு நாள் தொட்டியில் தேக்கி வைத்தபின் காட்டலாம். அதற்குள் குஞ்சுகள் இறந்துவிடும். இது ஓரிரு மாடு வைத்திருப்போருக்கு இயலும். மந்தையாக வைத்திருப்போருக்கு இயலாது. அத்தகைய ஊர்களில் ஊராட்சியார் தண்ணீர்த் தொட்டி கட்டுவதே வழி. குறட்டை நோயுள்ள மாட்டை எக்காரணம் பற்றியும் பொதுக்குளத்தில் நீர் குடிக்க விடலாகாது. ஒரு மாட்டின் சளி ஊர்க்குளம் முழுவதற்கும் போதும்.

நீர்த்துறையைச் சுற்றி நீர்ச்செடிகளையும் பாசியையும் வாரிக் கரையேற்றி வெயிலில் உலர்த்தினால் முட்டைத் திரள்கள் பெரும்பாலும் அழியும். வாரிய செடியை அடுத்த குளத்தில் போடுவது நத்தையைக் குடியேற்றுவதாகும். வாத்துகள் நத்தையை விரும்பித் தின்னும். அறுவடைக்குப்பின் வயல்களில் வாத்து மேய்க்கும் வழக்கம் இவ்வகையிலும் பயன் தருவதே. ஆனால் நாற்றங்காலில் வாத்தை விடுவதற்கு எவரும் துணியார். மயில்துத்தம் நத்தையைக் கொல்லும் என்பது மெய். அது மீனையும் கொல்லும். சேறும் தாவரமும் மிகுந்த நீரில் வலிமை குன்றும். மீன் குத்தகை உள்ள குளத்திலும் குடிநீர்க் குளத்திலும் அதைத் தாமாகவே இடுவது வழக்கு விவகாரத்தில் கொண்டுபோய் விடும். கால்நடைத் துறையின் ஆலோசனை இன்றி மருந்து இடலாகாது.

நோயுற்ற மாட்டுக்கு முன்காலத்தில் ஆண்டிமனி உப்புகளை ஊசி மூலம் செலுத்தினர். தற்காலத்தில் பிராசிகுவாண்டெல் என்ற மருந்தும் பயன்படுகிறது. எதுவாயினும் சளியைச் சோதித்து முட்டை இருப்பதை உறுதி செய்த பின்னரே கால்நடை மருத்துவர் கொடுக்க வேண்டியது. குறட்டை ஒலிக்கு வேறு காரணங்களும் உண்டு. நாஸேலின் முட்டை வளைந்த வடிவானது. நுண்ணோக்கியில் எளிதில் அடையாளம் காணலாம்.

குளத்தில் உள்ள நத்தை எது என்று தாமே தெளிய இயலாத கிராமத்தார், அதை உயிருடன் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துச் செல்லலாம். நத்தைகளை நீர் நிறைந்த பாட்டிலில் அடைத்து அனுப்பினால் வழியிலேயே இறந்து அழுகிவிடும். ஈரப் பஞ்சிலோ ஈரப் புல்லிலோ பொதிந்து, துளையிட்ட டப்பாவில் வைத்தால் ஓரிரு நாள் உயிருடன் இருக்கும். கையால் பொறுக்காமல் வலைக்கரண்டியால் அள்ள வேண்டும். பெரியனவும் சிறியனவும் கலந்து இருபது முப்பது நத்தைகள் இருத்தல் நலம். புழு எல்லா நத்தையிலும் இருப்பதில்லை. குளத்தின் பெயர், எடுத்த நாள், அதில் நீர் குடிக்கும் மாடுகளின் தொகை, அவற்றுள் குறட்டையுள்ளவை எத்தனை என்பனவற்றைத் தாளில் எழுதி டப்பாவுடன் கொடுக்க வேண்டும்.